இருபத்து நான்கு படங்களிலும் ஒரே தவறு

முருகேசு, அம்மா எழுதுகிறேன்.

நீ கேட்டது ஒரே ஒரு வரி. "படங்கள் நன்றாக இருக்கின்றன, அச்சுக்குக் கொடு" என்று ஒரு வரி எழுதிப் போட்டால் போதும், அடுத்த வாரமே பிளாக்குச் செய்யக் கொடுத்துவிடுவேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரி இந்தக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. தேடி நேரத்தை வீணாக்காதே. நான் இரண்டு வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவள். உன் அப்பா எழுதிப்போட்ட தாள்களை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்துத்தான் எனக்கு எழுத்தே வந்தது. இந்தக் கடிதத்தை எழுதி முடிக்க எனக்கு ஐந்து நாளாயிற்று. கை விரல் வீங்கிவிட்டது. நீயும் பொறுமையாக உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி. பக்கத்தில் உன் சித்திரக்காரர் இருந்தால் அவரும் படிக்கட்டும். இது ஒளிவு மறைவான கடிதம் இல்லை. அச்சுக்குக் கொடுக்க வேண்டியது இதுதான், அந்தப் படங்கள் இல்லை.

படக்கட்டு வந்த அன்றைக்கு எனக்குச் சந்தோஷம் இல்லாமல் இல்லை. சிங்கப்பூரில் இருந்துகொண்டு, வேலையும் பார்த்துக்கொண்டு, சம்பளத்தில் பாதியைச் சித்திரக்காரருக்குக் கொடுத்து, அப்பாவின் வாழ்க்கையை இருபத்து நான்கு படங்களாக ஒரு பிள்ளை வரையச் சொல்கிறான் என்றால் எந்தத் தாய்க்குத்தான் மனம் குளிராது? முதல் படத்தைப் பிரிக்கும் வரைக்கும் குளிர்ந்துதான் இருந்தது. அதில் உன் அப்பா கப்பலின் முகப்பில் கோட்டுப் போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, இந்த ஊரைப் பார்த்தபடி நிற்கிறார். கோட்டா? கப்பலில் கீழ்த்தட்டில் ஏழு நாளும் மூட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டு வாந்தி எடுத்ததாக அவரே என்னிடம் சொல்லியிருக்கிறார். கரை வந்ததே தெரியாமல் படுத்துக் கிடந்தாராம். பக்கத்தில் இருந்த ஒரு வளையல்காரர் காலால் நெம்பி எழுப்பினாராம். அந்த வளையல்காரர் அவருடைய இரண்டாவது நாவலில் வருகிறார். நீ படித்திருக்கிறாய், ஆனால் படத்தில் அவரைக் காணோம்.

ஐந்தாவது படத்தில் ஒரு வீடு போட்டிருக்கிறீர்கள். தூண், தோட்டம், வாசலில் மல்லிகைக் கொடி. அது யார் வீடு? நாங்கள் இருந்தது சூலியா தெருவுக்குப் பின்னால் ஒரு கடையின் மேல்மாடியில் ஒரே அறை. கீழே மிளகாய் இடிக்கும் கடை. காலையில் அவர்கள் உலக்கையைத் தூக்கினால் மேலே நாங்கள் தும்ம ஆரம்பிப்போம். அவர் கதைகளில் எல்லாரும் ஓயாமல் தும்முகிறார்கள், ஜமீன்தார்கூடத் தும்முகிறார், அது ஏன் என்று மதராசில் ஒரு பத்திரிகைக்காரர் பெரிய ஆராய்ச்சியே எழுதியிருந்தார். காரணம் கீழ்க்கடை மிளகாய். ஒன்பதாவது படத்தில் ஏதோ பறவை இறகால் எழுதுகிறார். கோழி இறகா அது? கப்பல் கிடங்கில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்தவருக்கு இறகு எங்கிருந்து வரும்? பென்சிலால் எழுதினார். வேண்டாம் என்று கிடங்கில் தூக்கிப் போடும் கப்பல் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதினார். அது இரண்டு பக்கமும் சுருண்டு சுருண்டு வரும் தாள். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் சொல்கிறேன்.

பதினான்காவது படத்தில் நான் இருக்கிறேன். கையில் குத்துவிளக்கை வைத்துக்கொண்டு, அவர் எழுதுவதைக் கண்ணீரோடு பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஏன் தம்பி, எனக்கு வேலை வெட்டி இல்லையா? அவர் எழுதும் நேரத்தில் நான் அரைத்துக்கொண்டிருப்பேன், இல்லையென்றால் உன்னைத் துரத்திக்கொண்டிருப்பேன். கண்ணீர் வந்திருந்தால் அது வெங்காயத்துக்கு. மூக்குத்தியை வேறு வலது பக்கத்தில் இருந்து இடது பக்கத்துக்கு மாற்றிவிட்டார் உங்கள் சித்திரக்காரர்.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். கப்பலும் வீடும் இறகும் போனால் போகட்டும், படிக்கிறவர்களுக்கு அழகாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டு, நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுதித் தபாலில் போட்டும் இருப்பேன். கெடுத்தவள் உன் தங்கை மகள் கமலா. எட்டு வயதுக்கு அவளுக்கு இருக்கும் கண் உனக்கு முப்பத்திரண்டு வயதில் இல்லை. படங்களைப் பாயில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தேன். குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவள், "பாட்டி, எல்லாத்துலயும் சின்னத் தாத்தாவைப் போட்டிருக்காங்க" என்றாள். உன் சித்தப்பாவைத்தான் அவள் அப்படிச் சொல்வாள்.

"சின்னத் தாத்தா இல்லடி, பெரிய தாத்தா. அதோ, மாலை போட்டிருக்கிற படத்துல இருக்காங்களே, அவங்க."

"இல்ல பாட்டி. காதைப் பாருங்க. நாய் கடிச்ச காது."

படங்களை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். பார்த்தேன். இருபத்து நான்கு படங்களிலும், கப்பலிலும் வீட்டிலும் கிடங்கிலும், இடது காது மடலின் ஓரத்தில் ஒரு துண்டு இல்லை. உன் சித்திரக்காரர் மூக்குத்தியைக் கோட்டை விட்டாரே தவிர, காதைக் கோட்டை விடவில்லை. நீ அவரிடம் கொடுத்த போட்டோவில் ஒரு கடுகளவுக்கு இருந்ததைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து வரைந்திருக்கிறார். உன் சித்தப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் அவர் தோளில் உட்கார்ந்து அந்தக் காதைப் பிடித்துக்கொண்டுதானே ஐயா நீ பள்ளிக்கூடம் போனாய்? குதிரைக் கடிவாளம் மாதிரி இழுப்பாய், அந்த மனுஷன் "ஏய், பிஞ்சுடும்டா" என்று கத்திக்கொண்டே கடைவாசல் அஞ்சடி நடைபாதையில் ஓடுவார். அந்தக் காதை உனக்கு அடையாளம் தெரியவில்லையா?

உன்னைத் திட்டி என்ன செய்ய? தெரியாதபடி செய்து வைத்தவள் நான். இனிமேல் எழுதுவதை உட்கார்ந்துகொண்டு படி. நம் வீட்டில் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் மாலையோடு தொங்கும் போட்டோவில் இருப்பவர் உன் அப்பா இல்லை. உன் சித்தப்பா. நீ அப்பா என்று கும்பிட்டதும், சித்தப்பா என்று கூப்பிட்டதும் ஒரே முகத்தை.

உன் அப்பா உயிரோடு இருந்த முப்பத்தைந்து வருஷத்தில் ஒரு போட்டோகூட எடுத்துக்கொள்ளவில்லை. படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அவர் அம்மா ஊரில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கதையில் அந்த மாதிரி நம்பிக்கைகளை எல்லாம் கிழி கிழி என்று கிழிப்பார், ஆனால் படம் பிடிக்கும் கடை வாசலில் போனால் எதிர்ப்பக்கம் மாறி நடப்பார். அவர் போய் முதல் வருஷத் திதி நெருங்கும்போது கும்பிட ஒரு படம் இல்லை. அச்சுக்கூடத்துப் பாயும், அதுதான் உன் அப்பாவின் கதைகளை வாரா வாரம் அச்சுப்போட்ட முதலாளி, "அம்மா, புஸ்தகமாப் போடப் போறோம், முதல் பக்கத்துல ஆசிரியர் படம் இல்லாட்டி யாரு வாங்குவா?" என்று ஆள் மேல் ஆள் விட்டார். பசார் பக்கத்தில் ஒரு சீனர் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். அவரிடம் போய், செத்துப்போனவரைப் படம் எடுக்க முடியுமா என்று நான் கேட்கவில்லை, அழுதேன், அவ்வளவுதான். அவருக்குப் புரிந்துவிட்டது. "தா அப்பா லா. அபாங் தாடா, ஆடிக் அடா" என்று மலாயில் சொன்னார். பரவாயில்லை, அண்ணன் இல்லாவிட்டால் தம்பி இருக்கிறானே என்று அர்த்தம். அந்தக் காலத்தில் அது ஊரில் நடக்கிற காரியம்தான். அப்பன் செத்தால் மகனை உட்கார வைப்பார்கள், அக்காள் செத்தால் தங்கையை. மீசையையும் வழுக்கையையும் கடைக்காரர் தூரிகையால் போட்டுக்கொள்வார்.

உன் சித்தப்பா அப்போது தாசேக் கெலுகோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் கிராணி. சொல்லி அனுப்பியதும் மறுநாளே படகேறி வந்துவிட்டார். உன் அப்பாவின் துணிமணி எல்லாவற்றையும் அப்போதே எடுத்துக் கொடுத்துவிட்டோம். ஒரே ஒரு கோட்டு மட்டும் டோபி கடையில் இருந்ததால் தப்பியது. அதைப் போட்டுக்கொண்டார். தோள் இறங்கிப் பெரியதாக இருந்தது. பின்னால் துணியைப் பிடித்து ஊசி குத்தினேன். ஒரு பக்கம் நீ என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறாய், அப்பா போகும்போது வயிற்றில் இருந்த உன் தங்கை என் இடுப்பில் ஐந்து மாதக் குழந்தை. சீனர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். உன் சித்தப்பா முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முழித்தார்.

"அண்ணி, சிரிக்கவா?"

"உங்க அண்ணன் எப்ப சிரிச்சாங்க? பேசாம இருங்க."

"அண்ணன் சிரிப்பாங்களே அண்ணி."

"படத்துல சிரிக்க வேணாம்."

அந்த மனுஷன் கண்ணில் தண்ணீர் நின்றது, அது கீழே விழுவதற்குள் சீனர் படத்தை எடுத்துவிட்டார். எழுத்தாளர் என்றால் இப்படித்தான் தூரத்தில் எதையோ பார்க்க வேண்டும் என்று நீ சின்ன வயதில் கண்ணாடி முன்னால் நின்று அதே மாதிரி பார்ப்பாயே, அது இதுதான். சீனர் மீசையைத் தடிப்பாகப் போட்டார். கன்னத்து மருவை அழித்தார். காதை மறந்துவிட்டார்.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். அதற்கு நான் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது, அதுதான் எனக்குக் கஷ்டம். நான் உன் சித்தப்பாவோடு இருபத்தெட்டு வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். காரணமும் தெரியும், ஊருக்கே தெரியும்: வாரா வாரம் வந்த கதைக்கு அண்ணன் கடைசியாக எழுதிய அத்தியாயத்தைக் கடலில் போட்டவர் அவர். முதல் திதி அன்றைக்கு அந்தப் போட்டோவுக்கு மாலை போட்டபோது, அவர் தயங்கித் தயங்கி, "அண்ணி, உசுரோட இருக்கிறவன் படத்துக்கு மாலை போடக் கூடாதும்பாங்க" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அண்ணன் கையெழுத்தைக் கடல்ல போட்ட கைக்கு இது ஒரு பெரிய விஷயமா?" என்றேன். பந்தியில் பத்துப் பேர் இருந்தார்கள். அவர் சூடத்தை ஏற்றித் தன் படத்துக்குத் தானே காட்டினார். விழுந்து கும்பிட்டார். அன்று தொடங்கி ஒரு திதியும் தவறவில்லை.

உன்னுடைய இருபத்து மூன்றாவது படத்தைப் பார். அப்பா படுக்கையில் சாய்ந்திருக்கிறார், கையிலிருந்து இறகு நழுவி விழுகிறது, தாள் பாதி வெறுமையாக இருக்கிறது. கீழே 'முற்றுப்பெறாத கடைசி அத்தியாயம்' என்று எழுதியிருக்கிறாய். சித்தப்பா பெயரைக் காப்பாற்ற எழுதினாயோ என்னவோ, அது பச்சைப் பொய். அவர் முடித்துவிட்டார். காய்ச்சலோடு பாயில் குப்புறப் படுத்தபடியே எழுதினார். சுருளுகிற தாள் என்று சொன்னேன் அல்லவா? எழுதிய ஒவ்வொரு தாளையும் சமமாகட்டும் என்று பாய்க்கு அடியில் தள்ளிவிடுவார். தலையணைப் பக்கம் தள்ள முடியாதபோது, "ஏ, இதைக் கால்மாட்டுல வையி" என்பார், நான் வைப்பேன். கடைசித் தாளையும் நான்தான் வைத்தேன். அதற்கு மறுநாள் விடியற்காலையில் போய்விட்டார்.

செத்தவர் படுத்த பாயையும் தலையணையையும் வீட்டில் வைத்திருக்க மாட்டோம். பிணத்தோடு வெளியே போய்விட வேண்டும். போகிற வழியில் கடலில் விடுவார்கள். அவரைக் குளிப்பாட்டத் தூக்கியதும் யாரோ ஒரு பெரியம்மா, "அம்மாடி, பாயைச் சுருட்டி வெளியே குடு" என்றார்கள். சுருட்டினேன். வியர்வையில் பாயின் அடியில் ஒட்டியிருந்த தாளும் சேர்ந்து சுருண்டது. சரசரவென்று சத்தம் கேட்டது. பாய் என்று நினைத்தேன். இல்லை, அதுவும் பொய், நான் எதையும் நினைக்கவில்லை. கயிற்றால் கட்டினேன். வாசலில் நின்ற உன் சித்தப்பா கையில் கொடுத்தேன். அவர் ஒரு கக்கத்தில் பாயையும் இன்னொரு கையில் கொள்ளிச் சட்டி பிடித்த உன்னையும் தூக்கிக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் அச்சுக்கூடத்துப் பாய் துக்கம் கேட்க வந்தார். போகும்போது, மெதுவாக, "கிராணியார் கடைசி அத்தியாயம் முடிச்சிட்டதாச் சொல்லி அனுப்பியிருந்தாரும்மா" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீடு நிறைய ஆள். எல்லாரும் என்னைப் பார்க்கிறார்கள். நான் விரலை நீட்டினேன். "இதோ இவர்தான், பாயோட சேர்த்துக் கடல்ல போட்டுட்டார்" என்றேன். உன் சித்தப்பா என்னைப் பார்த்தார், ஒரு நிமிஷம் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார். தெரியாமல் வந்த வார்த்தை என்று முதல் நாள் சொல்லலாம். இருபத்தெட்டு வருஷம் சொல்லிக்கொண்டிருந்ததை அப்படிச் சொல்ல முடியாது. சொல்லச் சொல்ல எனக்கே அது நிஜமாகிவிட்டது. அவர் உனக்குப் பள்ளிக்கூடத்துக்குச் சிலேட்டு வாங்கி வந்தாலும், உன் தங்கை கலியாணத்துக்குப் பந்தல்கால் நட்டாலும் எனக்கு அந்தப் பாய்தான் கண்ணில் தெரிந்தது. கோபத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வதில் எனக்கு ஈடு கிடையாது. ஆனால் யாருடைய கோபத்தை யார் தலையில் வைத்திருக்கிறோம் என்று நடுவில் ஒரு தடவையாவது எடுத்துப் பார்க்க வேண்டும் ஐயா. நான் பார்க்கவில்லை. உனக்கும் என் ரத்தம்தான் ஓடுகிறது, அதனால் சொல்லி வைக்கிறேன்.

சரி, போட்டோ தப்பு, அப்படியானால் அப்பா முகம் எப்படி இருக்கும் என்று சொல்லுங்கள், சித்திரக்காரரை மாற்றி வரையச் சொல்கிறேன் என்று உடனே எழுதுவாய். எனக்கும் அதுதான் தோன்றியது. கமலா காதைக் காட்டிய அன்றைக்கே படங்களைச் சுருட்டி வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து கண்ணை மூடி உட்கார்ந்தேன். எனக்கா மறக்கும்? என் கலியாணத்தில் யார் யார் என்ன புடவை கட்டியிருந்தார்கள், யார் சாப்பிடாமல் போனார்கள் என்று இன்றைக்கும் சொல்வேன். உன் தங்கை மாமியார் பதினோரு வருஷத்துக்கு முன்னால் சொன்ன ஒரு வார்த்தையை அப்படியே திருப்பிச் சொல்வேன், சொல்லிக்கொண்டும் இருக்கிறேன். கண்ணை மூடினேன். மூக்கு வந்தது. அது போட்டோவில் உள்ள மூக்கு. கண் வந்தது. அது தண்ணீர் நிற்கும் கண். மறுநாளும் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் உலையில் அரிசியைப் போட்டுவிட்டு அதை மறந்து உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா முகம் வரவில்லை, முருகேசு. தினம் காலையில் பூ வைத்து, பொட்டு வைத்து, இருபத்தேழு வருஷம் பார்த்த முகம் அதன் மேல் உட்கார்ந்துகொண்டது. நானே அழித்திருக்கிறேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவர் இருக்கும்போதும் நான் அவர் முகத்தைச் சரியாகப் பார்த்ததில்லை. புருஷன் முகத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை. அந்த அறையில் ஜன்னல் தெருப்பக்கம், மேசை ஜன்னலைப் பார்த்தபடி, அடுப்பு அவருக்குப் பின்னால். எழுதி முடித்ததும் திரும்பாமலே எனக்கு வாசித்துக் காட்டுவார். நான் அரைத்துக்கொண்டே கேட்பேன். அவர் கதைகள் எல்லாவற்றையும் அவர் முதுகிடமிருந்துதான் கேட்டேன். உன் பெண்டாட்டியை நிமிர்ந்து பார், அவளையும் உன்னைப் பார்க்கச் சொல். வேறு எந்தப் புத்திமதியும் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

உன் சித்தப்பா இப்போது வேலையை விட்டு இங்கேதான் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். பல் போய், தலை வழுக்கையாகி, அந்தப் போட்டோவில் இருப்பவர்தான் இவர் என்று யாரும் சொல்ல முடியாதபடி ஆகிவிட்டார். தினமும் காலையில் வந்து அஞ்சடியில் உட்கார்ந்து கமலாவோடு பேசுவார், நான் உள்ளே இருந்தபடி கோப்பியைத் தள்ளிவிடுவேன். முந்தாநாள் நானே கோப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். அவர் பயந்து எழுந்து நின்றுவிட்டார்.

"யாருக்கு அண்ணி உடம்பு சரியில்ல?" என்றார்.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. உட்காருங்க. உங்க அண்ணன் முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

கோப்பியை ஊதினார். "நினைச்சா எனக்குக் கண்ணாடியில பார்க்கிற முகம்தான் வருது அண்ணி. அந்தக் கோட்டைப் போட்ட நாள்லருந்து அப்படித்தான்" என்றார்.

அச்சுக்கூடத்துப் பாயும் போய்விட்டார். இந்த உலகத்தில் அந்த முகத்தைத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான் மிச்சம். இரண்டு பேரிடமும் இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, உள்ளே போய் முக்காலியைப் போட்டு ஏறி அந்தப் போட்டோவைக் கழற்றிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தேன். மாலையைப் பிய்த்துத் தெருவில் எறிந்தேன்.

"இனிமே உங்களுக்கு மாலை கிடையாது. நிஜமாப் போனப்புறம் போடுறேன்."

"இத்தனை வருஷம் எனக்கு நானே சூடம் காட்டிப் பார்த்துட்டேன் அண்ணி. சாகலையே லா" என்று சிரித்தார். பல் இல்லாத சிரிப்பு.

"சிரிக்காதீங்க. பாயைச் சுருட்டிக் கட்டினது நான். தாள் அடியில இருந்தது எனக்குத்தான் தெரியும், உங்களுக்குத் தெரியாது."

"பாயைக் கட்டினது நீங்கதான்னு எனக்குத் தெரியும் அண்ணி. நீங்கதானே என் கையில குடுத்தீங்க."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல? ஊரே உங்களைத் திட்டுச்சே!"

"ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு நீங்க உங்களையே திட்ட ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்? என்னைத் திட்டினா வீட்டு வேலையாவது நடந்துச்சு" என்றார். சொல்லிவிட்டு, "கோப்பியில சீனி போடலை" என்றார். இப்படிப்பட்ட மனுஷனை என்னதான் செய்வது, சொல். இத்தனை வருஷம் சண்டை போட்டும் ஒரு நாள்கூட அவரை நான் ஜெயிக்கவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இருபத்து நான்கையும் கிழித்துப் போடு. பிளாக்குக்குக் கொடுக்காதே. சித்திரக்காரரை அழைத்துக்கொண்டு வா. எனக்குப் பார்த்த முகம்தான் போய்விட்டது; பின்னால் இருந்து பார்த்ததும் காதால் கேட்டதும் ஒரு மயிரிழை குறையாமல் இருக்கின்றன. கடைசி அத்தியாயத்தை முதல் வரியிலிருந்து முடிவு வரைக்கும் சொல்கிறேன், நீ எழுதிக்கொள். சொன்னால் தாள் எங்கே என்று கேட்பார்களே என்றுதான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன், இனி யாரும் கேட்கட்டும். அப்பாவைப் பின்பக்கமிருந்தே வரையட்டும், எல்லாப் படத்திலும். உச்சியில் இரட்டைச் சுழி, உன் தலையைத் தடவிப் பார், அதேதான். வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல் உயரம். பென்சில் வலது காதில். இரண்டு காதும் முழுக் காது. எழுதியது பிடிக்காவிட்டால் பிடரியைச் சொறிவார், அந்த இடத்தில் சிவந்திருக்கும். கதையில் யாரையாவது சாகடிக்கும் நாளில் கழுத்து உள்ளே இழுத்துக்கொள்ளும், நான் அரைப்பதை நிறுத்திவிடுவேன். அடுப்படியில் உட்கார்ந்து நான் பார்த்தது அதைத்தான். படிக்கிறவர்களும் அங்கே உட்கார்ந்தே பார்க்கட்டும். நாவலாசிரியருக்கு முகம் எங்கே என்று கேட்டால், முதல் பக்கத்தில் படத்துக்குப் பதிலாக இந்தக் கடிதம் இருக்கிறது, படித்துக்கொள்ளச் சொல். அட்டையில் அவர் பெயரை நீயே எழுதிவிடு, நான் எழுத மாட்டேன்.

இன்னும் ஒரு படம் வேண்டும், அது மட்டும் முன்பக்கம் பார்த்தபடி. படம் பிடிக்கும் கடை. கறுப்புத் துணிக்குள் சீனர். ஓரத்தில் இடுப்பில் குழந்தையோடும், முந்தானையில் உன்னோடும், கையில் ஊசியோடும் நான். மூக்குத்தி வலது பக்கம். நடுவில் நாற்காலியில், தனக்குச் சேராத கோட்டைப் போட்டுக்கொண்டு, சிரிக்கவா வேண்டாமா என்று தெரியாமல் ஒருவர். மீசையைப் பெரிதாகப் போட வேண்டாம், மருவை அழிக்க வேண்டாம், காதைக் காது மாதிரியே போடட்டும். கீழே வேலாயுதம் என்று பெயரை அச்சடி. நான் அந்தப் பெயரைச் சொல்லியே இருபத்தெட்டு வருஷமாயிற்று. எழுத்துப் பெரியதாக இருக்கட்டும், அந்த மனுஷனுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை.